ஒரே பெட்டி

சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, ஒரு நண்பகல் வேளையில், எங்கள் பங்கு இல்லத்தின் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. வற்றல் காயும் பருவம் அது. சாலை ஓரமெல்லாம் மிளகாய் பரப்பியிருந்தார்கள். காற்றில் நெடி ஏறியிருந்தது. காரிலிருந்து இறங்கிய பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். இருமிக்கொண்டே படியேறியவர், கைகூப்பி, "தோஸ்திரம் ஃபாதர்" என்றார். சொல் தமிழ், ஒலியோ எங்கோ தொலைதூரத்துக்குரியது. பிஜித் தீவிலிருந்து வருவதாகச் சொன்னார்.

எப்போதும்வென்றானை அடுத்த கரிசல் ஊர்களுள் ஒன்றில் நான் பங்குப் பணி செய்கிறேன். இனிச் சொல்லப்போவதில் எங்கள் குறையும் அடங்கியிருப்பதால், ஊரின் பெயரைச் சொல்லாமல் விடுவதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

பெரியவர் தம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவருடைய பாட்டனார் 1911-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியபோது எழுதப்பட்ட குடியேற்றச் சீட்டின் நகல் அது. பெயர், தகப்பன் பெயர், வயது 22, உயரம், உடலிலுள்ள தழும்பு ஆகிய எல்லாம் அதில் இருந்தன. ஜில்லா, திருநெல்வேலி, தாலுகா, ஒட்டப்பிடாரம். கிராமத்தின் பெயரை ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதியிருந்தார். தூத்துக்குடியில் யாரோ அதை 'எப்போதும்வென்றான்' என்று படித்துக் காட்டியிருக்கிறார்கள். 'சாதி' என்ற இடத்தில் 'கிறிஸ்தவன்' என்னும் ஒரே சொல்தான் இருந்தது. ஆகையால் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடி வந்திருந்தார்.

ஏடுகளைப் புரட்டினோம். இலத்தீன் மொழியில், மங்கிய மையில், பழைய குருக்களின் கையெழுத்து. அந்த வயதுக்குப் பொருந்தும் ஆண்டுகளில் அதே பெயரில் மூன்று குழந்தைகள் இருந்தன. அவர்களுள் இருவருக்குத் தகப்பன் பெயரும் ஒன்றே. எவர் கப்பலேறினார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதற்குள் செய்தி பரவி, ஊரார் திரண்டுவிட்டனர். தண்ணீரும் வந்தது, கருப்பட்டிக் காப்பியும் வந்தது. பிறகு, எப்படியும் வந்தே தீரும் கேள்வியும் வந்தது. "ஐயா எந்தத் தெரு ஆளு?" என்றார் ஒருவர். நம் பக்கத்தில் 'தெரு' என்று நாகரிகமாகச் சொல்லுகிறோம். அச்சொல்லின் பொருள் நம் எல்லார்க்கும் தெரியும். பெரியவருக்குத்தான் தெரியவில்லை. "எனக்குத் தெரியாதே ஐயா. அங்கே போன பிறகு அதெல்லாம் போச்சு. என் பாட்டி தெலுங்கு நாட்டுப் பெண். தாத்தாவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை" என்றார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உறவு கொண்டாட வந்த கூட்டம், எந்த முறை வைத்து அழைப்பதென்று தெரியாமல் திகைத்து நின்றது.

அப்போது பெரியவரின் பார்வை அறையின் மூலையில் இருந்த மூன்று தகரப் பெட்டிகளின் மீது விழுந்தது. மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு என்று அவற்றில் வெள்ளை வண்ணத்தில் எழுதியிருந்தது. "இவை என்ன, ஃபாதர்?" என்று கேட்டார்.

பங்குப் பேரவைத் தேர்தலுக்காகச் செய்த பெட்டிகள் என்றேன். தெருவுக்கு ஒரு பெட்டி. அந்தந்தத் தெருவார் தங்கள் ஆளைத் தாங்களே தேர்ந்துகொள்வார்கள். வரி கட்டும் தலைக்கட்டுக்கு ஒரு வாக்கு. மூன்று தெருவின் மூப்பர்களும் கேட்டுக்கொண்டபடி நானே இசைந்து செய்த ஏற்பாடு அது. சண்டை வராமல் காரியம் முடியவேண்டும் என்பது ஒன்றே என் கருத்தாக இருந்தது. இதை அவரிடம் சொல்லும்போது எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர் சிரித்தார். "எங்கள் தீவில் வெள்ளைக்காரன் செய்ததும் இதுதான், ஃபாதர்" என்றார்.

அன்று மாலை வரை அவர் சொல்லக் கேட்டதையும், பின்னர் நூல்களிலிருந்து நான் அறிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜித் தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. மொத்தத்தில் காற்பங்கினர் நம் தென்னாட்டு மக்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், கரும்புத் தோட்டத்தில் வேலை, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்னி. பத்தடி நீளமும் ஏழடி அகலமும் உள்ள அறையில் ஒரு குடும்பமோ, மணமாகாத மூன்று ஆண்களோ அடைந்து கிடந்தனர். ஒப்பந்தம் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அவர்கள் நாவில் 'கிர்மித்' என்றாயிற்று. எங்கள் ஊரிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், அத்தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டை எண்ணிப் பாடினார் என்பதை யாவரும் அறிவோம். சி. எஃப். ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலத் திருப்பணியாளர் 1915-இல் அங்கே சென்று கண்டு எழுதிய அறிக்கை, அம்முறையை ஒழிப்பதற்குப் பெரிதும் துணை செய்தது. 1920-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

கூலிகள் குடிகளானார்கள். குத்தகை நிலத்தில் தாங்களே கரும்பு பயிரிட்டார்கள். குடிகளானபின் வாக்குரிமை கேட்டார்கள். 1929-இல்தான் அங்குள்ள சட்ட சபைக்கு இந்தியர்கள் முதன்முதலாகத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எவ்வாறு? ஐரோப்பியர்க்கு ஒரு வாக்காளர் பட்டியல். இந்தியர்க்கு வேறொரு பட்டியல். மண்ணின் மைந்தர்களாகிய பிஜியருக்கோ பட்டியலே கிடையாது. அவர்கள் சார்பில் மூவர் நியமனம் செய்யப்பட்டனர். 1921-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தீவில் இந்தியர் 60,000-க்கு மேல். ஐரோப்பியரோ 4,000-க்கும் குறைவு. எனினும் ஐரோப்பியர் ஆறு பேரையும் இந்தியர் மூன்று பேரையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. அதிலும் சொத்தும் வருமானமும் உடைய ஆண்களுக்கே வாக்கு.

விஷ்ணு தேவ், பரமானந்த் சிங், ஜேம்ஸ் ராமச்சந்தர் ராவ் ஆகிய மூவரும் வென்று சபைக்குள் சென்றார்கள். 1929 நவம்பரில் விஷ்ணு தேவ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எல்லார்க்கும் ஒரே வாக்காளர் பட்டியல் வேண்டும் என்பதே அதன் சாரம். ஆதரவாக எழுந்தவை அந்த மூவருடைய வாக்குகளே. தீர்மானம் தோற்றது. மூவரும் பதவியைத் துறந்து வெளியேறினார்கள். அரும்பாடுபட்டுப் பெற்ற இடத்தைச் சில வாரங்களிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்! பின்னர் 1932-இல் முனிசாமி முதலியார் என்ற தென்னாட்டவர் ஒருவரும் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் தனிப் பட்டியல் முறை மாறவில்லை.

"என் தாத்தா சாகும்வரை அந்த மூவரைப் பற்றிப் பேசுவாராம். தனி இடம் கொடுப்பது மரியாதை கொடுப்பதுபோல் தெரியும், உண்மையில் நம்மை வேலிக்கு வெளியே நிறுத்துவது அது என்பாராம்" என்றார் பெரியவர். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு அவரே தொடர்ந்தார்: "ஆனால் பிஜியருக்கு ஒரு பயம் இருந்தது, ஃபாதர். நாங்கள் தொகையில் பெருகிவிட்டால் அவர்களுடைய மண் என்ன ஆகும் என்ற பயம். அதை வெறும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பயத்தை வைத்துத்தான் வெள்ளைக்காரன் எங்கள் இருவரையும் பிரித்தே வைத்தான்."

பிஜியருக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை 1963-இல்தான் கிடைத்தது. 1970-இல் நாடு விடுதலை பெற்ற பிறகும் இனவாரிப் பட்டியல்கள் தொடர்ந்தன. 1987-இல் இராணுவம் இருமுறை ஆட்சியைக் கவிழ்த்தது. இந்தியர் பல்லாயிரவர் நாட்டைவிட்டு வெளியேறினர். 2013-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத்தான் எல்லார்க்கும் ஒரே பட்டியல் என்றாக்கியது. 2014-இல் அவ்வாறே தேர்தல் நடந்தது. அந்த அரசியலமைப்பைத் தந்ததும் இராணுவப் புரட்சியால் பதவிக்கு வந்த அரசுதான் என்பது வரலாற்றின் முரண். அந்த மூவர் கேட்டது கிடைக்க எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

பெரியவர் மறுநாள் புறப்பட்டுப் போனார். போகுமுன் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று, எந்தக் கல்லறை தம் முன்னோருடையது என்று தெரியாமையால், நடுவில் நின்று எல்லார்க்காகவும் செபித்தார். அவர் காலடியில் மூன்று தெருவாரும் கிடந்தார்கள். அதைக் கண்டபின் என்னால் அந்தப் பெட்டிகளை முன்போல் பார்க்க முடியவில்லை.

நாம் ஏதோ அயலார் கதையைக் கேட்டதாக எண்ண வேண்டா. நம் நாட்டிலும் நடந்தது இதுவே. 1920-இல் சென்னை மாகாணச் சட்ட சபைக்கு நடந்த தேர்தலில், ஏறத்தாழ நாலு கோடி மக்களுள் வாக்குரிமை பெற்றவர்கள் 12 லட்சத்துச் சொச்சம் பேர். நிலவரியும் பிற வரியும் கட்டுவோர்க்கே வாக்கு. இந்தக் கரிசலில் பிறர் புஞ்சையில் பருத்தி எடுத்தும் கம்பு அறுத்தும் பிழைத்த நம் முன்னோர்க்கு அது எங்கே கிடைத்திருக்கும்? அச்சபையில் இந்தியக் கிறிஸ்தவர்க்கென ஐந்து தனி இடங்கள் இருந்தன; கிறிஸ்தவர் மட்டுமே வாக்களித்து நிரப்பும் இடங்கள். 1937-இல் அவை எட்டாயின. கிறிஸ்தவப் பெண் ஒருவருக்கும் தனியே ஓர் இடம் தரப்பட்டது. அந்தத் தேர்தலில் கட்சிக்கு ஒரு நிறமாகப் பெட்டிகள் வைத்தார்கள். காங்கிரசின் பெட்டி மஞ்சள்.

விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது. அப்போது நம்மவர் என்ன செய்தார்கள்? சென்னை லயோலா கல்லூரி முதல்வராக இருந்த சேசுசபைக் குரு ஜெரோம் டிசூசா அடிகளாரும், அச்சபையின் துணைத் தலைவராக இருந்த வங்காளக் கிறிஸ்தவர் எச். சி. முகர்ஜியும், கிறிஸ்தவர்க்குத் தனி இடம் வேண்டா என்ற நிலையை ஏற்றார்கள். 1949 மே மாதத்தில் மத அடிப்படையிலான இட ஒதுக்கீடு கைவிடப்பட்டது. அயலாரின் நல்லெண்ணத்தை நம்பி நம்மவர் பொதுப் பெட்டிக்குள் தங்கள் சீட்டைப் போட்டார்கள். அது விசுவாசத்தின் செயல் என்றே நான் கருதுகிறேன்.

எனினும் உண்மையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். விட்டுக்கொடுப்பது வலியவர்க்கு எளிது, நலிந்தவர்க்கு அவ்வாறன்று. தாழ்த்தப்பட்ட மக்கள் தனி வாக்காளர் தொகுதி கேட்டது வீம்புக்காக அன்று. பொதுப் பெட்டியில் தங்கள் குரல் அமுங்கிப் போகும் என்று அண்ணல் அம்பேத்கர் அஞ்சியதற்குப் பல நூற்றாண்டு அனுபவம் சான்றாக இருந்தது. 1932-ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தம் ஒரு நடுவழியைக் கண்டது. இடம் அவர்களுக்கென்று ஒதுக்கப்படும். இறுதி வாக்கோ எல்லாரும் சேர்ந்து போடுவது. 1937-இல் சென்னைச் சட்ட சபையில் முப்பது இடங்கள் அவ்வாறு ஒதுக்கப்பட்டன. அந்தச் சலுகைகளும் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்க்கு இல்லாமற்போயின என்பது நம் திருச்சபை இன்னும் சுமக்கும் துயரம்.

இவற்றையெல்லாம் மனத்தில் போட்டுக்கொண்டு ஞாயிறு திருப்பலிக்குப்பின் மக்களைக் கூட்டினேன். "தெருப் பெட்டி வேண்டா, ஒரே பெட்டி வைப்போம்" என்றேன். மேலத்தெருவார் சிலர் முகம் சுளித்தார்கள். அதை எதிர்பார்த்தே இருந்தேன். எதிர்பாராதது கீழத்தெருவிலிருந்து வந்தது. கூலி வேலை செய்து இரு பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு விதவைத் தாய் எழுந்தார். "சாமி, ஒரே பெட்டின்னா எங்க தெருவுக்கு எந்தக் காலத்துல ஆளு வரும்? நாங்க இருக்கது பதினெட்டு வீடு. அவுக நூத்தி இருவது வீடு. கூடி இருப்போம்ணு நீங்க சொல்லுதீக. கூடினா எங்களத் தெரியாமலே போயிரும்லா?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். பிஜியரின் அச்சத்தைப் பெரியவர் சொன்னபோது தலையாட்டியவன், என் பங்கிலேயே அதே அச்சம் பதினெட்டு வீடுகளில் குடியிருந்ததைக் காணவில்லை. சண்டைக்குப் பயந்து மூன்று பெட்டி வைத்தேன்; ஒற்றுமை என்ற சொல்லில் மயங்கி ஒரே பெட்டி என்றேன். இரண்டு முறையும் அந்தத் தாயை நான் கேட்கவில்லை.

அன்றிரவு அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தேன். குருமடத்தில் பலமுறை படித்த பகுதிதான். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுகிறது. சிறுபான்மையினரின் முறையீடு அது. அப்போஸ்தலர்கள் அதை அடக்கவில்லை. உங்களுக்கு வேறு பந்தி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. மக்கள் அனைவரையும் கூட்டி, எழுவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சபை முழுவதும் கூடித் தேர்ந்தெடுத்தது. யாரை? முடியப்பர், பிலிப்பு, நிக்கோலா என அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்களே! எபிரேய மொழி பேசிய பெருங்கூட்டமும் சேர்ந்து, முறையிட்ட பக்கத்தின் பெயர்களையே தேர்ந்துகொண்டது. இத்தனை ஆண்டுகளாக இது என் கண்ணில் படவில்லை.

அடுத்த ஞாயிறு மறையுரையில் இதையே விளக்கினேன். பின்னர் ஊர் கூடி ஒரு முடிவுக்கு வந்தது. ஒவ்வொரு தெருவுக்கும் பேரவையில் இடம் உண்டு. ஆனால் ஒவ்வோர் இடத்திற்கும் மூன்று தெருவாரும் வாக்களிக்க வேண்டும். கீழத்தெருவின் பிரதிநிதியை மேலத்தெருவாரும் தேர்வர். மேலத்தெருவின் பிரதிநிதி கீழத்தெருவில் போய் வாக்குக் கேட்டாக வேண்டும். அத்துடன் 'வரி கட்டும் தலைக்கட்டுக்கு ஒரு வாக்கு' என்ற பழைய வழக்கத்தையும் நீக்கினோம். வரிச்சீட்டைக் காட்டி வாக்களிப்பது வெள்ளையர் ஆட்சியின் ஏற்பாடு. பதினெட்டு வயது நிரம்பிய ஆண், பெண் எல்லார்க்கும் வாக்கு என்றாயிற்று. ஞானஸ்நானத்துக்கு வரிச்சீட்டுக் கேட்பதுண்டா?

திருச்சபைச் சட்டப்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமையே உண்டு. அதற்கா இத்தனை பாடு என்று சிலர் கேட்கலாம். ஆனால் தன் அயலானுக்காக வாக்களிக்கப் பழகாதவன் நாட்டுக்காக எப்படி வாக்களிப்பான்? பொதுநன்மையைக் கருதி வாக்களிப்பது உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. தெருவுக்காகவே வாக்களித்துப் பழகிய கை, சட்டமன்றத் தேர்தலிலும் அதையேதான் செய்யும்.

தேர்தல் உயிர்ப்புப் பெருவிழாவிற்குப் பிந்திய ஞாயிறன்று நடந்தது. எல்லாம் இனிதாக முடிந்தது என்று சொன்னால் பொய்யாகும். சில குடும்பங்கள் வரவே இல்லை. அவர்களுள் ஒரு குடும்பம் இன்றுவரை பக்கத்து ஊருக்குத் திருப்பலிக்குப் போகிறது. அவர்கள் வீட்டுப் படியை இருமுறை ஏறி வந்தேன், மூன்றாம் முறையும் ஏறுவேன். ஆனால் கீழத்தெருவின் இடத்திற்கு அந்தத் தாயே வெற்றி பெற்றார். அவர் தெருவின் வாக்குகள் எல்லாம் சேர்ந்தாலும் அத்தனை வந்திருக்காது. மற்றத் தெருவார் போட்டிருக்கிறார்கள். முடிவைப் படித்தபோது அவர் நம்பாமல், "நெசமாவா சாமி?" என்று இருமுறை கேட்டார். பேரவையின் முதல் கூட்டத்தில் அவர் எழுப்பிய முதல் கேள்வி, கல்லறைத் தோட்டத்தின் நடுவிலுள்ள குட்டைச் சுவர் எதற்காக என்பது. அதற்கு இன்னும் விடை சொல்லி முடியவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

அன்பார்ந்த வாசகர்களே, எப்போதும்வென்றான் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். எந்தத் தேர்தலிலும் ஒரே பக்கத்தார் எப்போதும் வென்றுகொண்டிருந்தால், மறுபக்கத்தார் எப்போதும் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். அப்படிப்பட்ட வெற்றியை நம் ஆண்டவர் நாடவில்லை. தோற்றவர்களின் பக்கத்தில் நின்று, சிலுவையில் கைகளை விரித்து, இருபுறத்தாரையும் தம்மிடம் ஈர்த்துக்கொண்டார். உங்கள் பங்கிலும் தேர்தல் வரும். ஊரிலும் நாட்டிலும் வரும். சீட்டை மடிக்குமுன், முறையிட்டும் கேட்கப்படாத குரல் எது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

அந்த மூன்று தகரப் பெட்டிகளுள் ஒன்றில் இப்போது வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசி சேர்க்கிறார்கள். மற்றொன்று கோவில் மெழுகுவர்த்திகளுக்கு. மூன்றாவதில் எழுத்தை அழித்து, வண்ணம் பூசி, வாக்குப் பெட்டியாக வைத்துக்கொண்டோம். வெயில் பட்டால் வண்ணத்தின் அடியில் பழைய எழுத்து இன்னும் இலேசாகத் தெரிகிறது. இன்னொரு முறை பூச வேண்டும்.